எரிவாயுத் தோம்பின் அடியில் ஒரு தராசு

தீபாவளிக்கு முந்தைய இரவு, சட்டியில் முறுக்கு பாதி வேகும்போது எரிவாயு தீர்ந்துபோனது. தோம்பை ஆட்டிப் பார்த்து மிச்சத்தை ஊகிப்பதுதான் எங்கள் செபராங் ஜெயா வீட்டு வழக்கம். மின்னணுவியல் டிப்ளோமா படிக்கும் மகள், அதையே தன் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டாள்.

"எடை பார்க்கிற சென்சார் கடையிலேயே விக்கிறாங்களேம்மா?"

"சென்சாரையே நான்தான்ப்பா செய்யணும்."

முதலில் கறுப்பு நுரை. பிறை, பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். சில்லுகளை நிலைமின்சாரத்திலிருந்து காக்க அவற்றின் கால்களை அதில் குத்தி வைப்பார்கள். கார்பன் கலந்த நுரை லேசாக மின்சாரம் கடத்தும். இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மின்தடை குறையும். விரலால் அழுத்தினோம், திரையில் எண் துள்ளியது. செலவும் இல்லை!

தோம்பை ஏற்றியதும் சிக்கல் தொடங்கியது. உள்ளே வாயு 14 கிலோ, இரும்புத் தோம்பும் ஏறக்குறைய அவ்வளவு. அந்தப் பாரத்தில் நுரை இரவெல்லாம் மெல்ல மெல்ல அமுங்கியது. அடுப்பே பற்றவைக்காத வீட்டில் வாயு கூடிக்கொண்டே போவதாகக் காட்டியது கருவி. பாரத்தை இறக்கிய பிறகும் நுரை பழைய நிலைக்கு வரவில்லை. ஒப்படைக்க மூன்றே வாரம்.

அடுத்து 'ஸ்ட்ரெய்ன் கேஜ்'. 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியே கண்டறிந்தது. நிலநடுக்கத்தில் நீர்த்தொட்டிகள் என்னவாகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் ரூஜ். உலோகத்தின்மேல் மெல்லிய கம்பியை ஒட்டினால், உலோகம் நீளும்போது கம்பியும் நீண்டு அதன் மின்தடை கூடும். ஆனால் எவ்வளவு? 350 ஓம் உள்ள கேஜில், ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு 0.7 ஓம்தான். அதைப் பிடிக்கத்தான் வீட்ஸ்டன் சுற்று. அதிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்கி எண்ணாக்க 'எச்எக்ஸ்711' என்ற மலிவான சில்லு இருக்கிறது.

அலுமினியச் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, உடனொட்டும் பசையால் கேஜை ஒட்டினாள். முதல் கேஜுக்கு அடியில் காற்றுக்குமிழி, வீண். இரண்டாவது வேலை செய்தது, ஆனால் மாலை வெயில் சன்னலில் விழுந்தால் எண் நகர்ந்தது. சட்டத்தின் அடியிலும் ஒன்றை ஒட்டினாள். பாரம் ஏறும்போது மேலே உள்ளது நீளும், கீழே உள்ளது சுருங்கும். வெப்பமோ இரண்டையும் ஒன்றுபோல் பாதிப்பதால் சுற்றில் அடிபட்டுப் போகும். எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆயிற்று.

அளவு சரிபார்க்க அரிசி மூட்டையும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, வேறு படிக்கல் எதற்கு?

நுரைக் கதையை அறிக்கையில் விட்டுவிடச் சொன்னேன். மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. அவள் கேட்கவில்லை, அந்த இரவின் வரைபடத்தை முதல் அத்தியாயத்திலேயே போட்டாள். தேர்வாளர்கள் அதிகம் கேள்வி கேட்டதும் அந்தப் பக்கத்தைத்தான்.

தோம்பின் கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துவிட்டு இப்போது மிச்சத்தைக் காட்டுகிறது கருவி. மனைவி அதைப் பார்க்கிறார். பிறகு தோம்பையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார்.