உறைக்குள் இருப்பதும் உறைமேல் இருப்பதும்

ஒட்டிய கடித உறையைப் பிரிக்காமலேயே அஞ்சல்காரர் அறிந்துகொள்ளும் செய்திகள் பல. எழுதியவர் யார், பெறுபவர் யார், எந்நாளில் எவ்வூரில் அஞ்சலில் சேர்க்கப்பட்டது என்பனவெல்லாம் உறையின் மேலேயே உள்ளன. புற்றுநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒருவருக்கு வாரந்தோறும் கடிதம் வருமாயின், உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. இணையத்திலும் இதே நிலைதான். செய்தி வேறு, செய்தியைப் பற்றிய செய்தி வேறு. பின்னதை மீத்தரவு என்பர். தனிச்செய்திச் செயலிகள் முதன்மையாக உள்ளடக்கத்தைக் காப்பவை. ஆள்மறை வலையமைப்புகள் யார் யாருடன் தொடர்பு கொண்டார் என்பதை மறைப்பவை. இரண்டையும் ஒன்றெனக் கருதி இடர்ப்பட்டோர் உண்டு.

சிக்னல் செயலியில் ஒருவர் எழுதும் செய்தி, அவரது கைப்பேசியிலேயே பூட்டப்பட்டுப் பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கிறது. இடையில் நிற்கும் வழங்கிக் கணினியிடம் அதன் சாவி இல்லை. இதனை இருமுனை மறையாக்கம் என்பர். இதே நெறிமுறையைத்தான் வாட்ஸ்அப் செயலியும் 2016 ஏப்ரலில் தன் பயனர் அனைவருக்கும் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த விசாரணை ஒன்றில், பயனர் பற்றிய விவரங்களைத் தருமாறு சிக்னலை உருவாக்கிய அமைப்புக்கு ஆணை வந்தது. அவ்வமைப்பால் தர முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரமும், கடைசியாக இணைந்த நாளும். வேறெதையும் அது சேமித்து வைத்திருக்கவில்லை. பூட்டின் வலிமையைக் காட்டிலும் சேமிக்காமையே இங்குப் பெருங்காப்பாயிற்று. ஒரே பூட்டைப் பயன்படுத்தும் இரு நிறுவனங்கள், உறைமேல் உள்ளவற்றை ஒரே அளவில் சேமிப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

எனினும் சிக்னலின் வழங்கிகள் ஒரே அமைப்பின் கையில் உள்ளன. அவ்வமைப்பின் நேர்மையை நம்பித்தான் ஆக வேண்டும். ஒருவரையும் நம்பாமல் இயங்க இயலுமா என்னும் வினாவுக்கு விடையாக வந்ததே வெங்காய வழிச்செலுத்தம். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இக்கருத்து உருப்பெற்றது. அதன் வழிவந்த டோர் வலையமைப்பு 2002இல் இயங்கத் தொடங்கியது. பயனரின் கணினி, உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணுக்களுள் மூன்றைத் தேர்ந்து, செய்தியை மூன்று மறையாக்கத் தோல்களால் பொதிகிறது. ஒவ்வொரு கணுவும் ஒரு தோலை உரித்து அடுத்ததற்கு அனுப்புகிறது. முதற்கணு அனுப்பியவரை அறியும், சேருமிடத்தை அறியாது. மூன்றாவது கணு சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. நடுக்கணுவுக்கு இருபுறத்து அண்டையார் தவிர எவரையும் தெரியாது.

கடற்படைக்கு உதவும் கருவியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது ஏன்? கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் வலையமைப்பில், நுழைபவர் ஒவ்வொருவரும் கடற்படையினர் என்பது வெளிப்படை! ஆளை மறைப்பது உண்மையில் கூட்டமே. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தேர்வைத் தள்ளிப்போடும் பொருட்டு டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அவர் பயன்படுத்தியது பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா இணைப்பு. அந்நேரத்தில் அவ்விணைப்பிலிருந்து டோரை அணுகியவர் யார் என்பது பதிவேட்டில் இருந்தது. டோரின் மறையாக்கத்தை எவரும் உடைக்கவில்லை. கூட்டம் சிறிதாக இருந்ததே அவரைக் காட்டிக் கொடுத்தது.

டோரின் மற்றொரு எல்லையை 2007இல் சுவீடன் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் காட்டினார். அவர் தாமே சில வெளியேறு கணுக்களை நடத்தினார். கடைசித் தோலும் உரிந்தபின், பூட்டப்படாத மின்னஞ்சல்கள் அவர் கண்முன் சென்றன. பல நாடுகளின் தூதரகக் கணக்குகளுக்குரிய கடவுச்சொற்கள் அவற்றுள் இருந்தன. பாதையை மறைத்தவர்கள் உறையை ஒட்ட மறந்தனர்.

இருவகைக் காப்பையும் இணைக்க முயல்வது பிரையர் என்னும் செயலி. அதற்கு மைய வழங்கியே இல்லை. இணையம் இருந்தால் டோர் வழியாகவும், இல்லையேல் புளூடூத் அல்லது அருகலை வழியாகவும் கைப்பேசிகள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. இதற்குரிய விலையும் உண்டு. நடுவில் செய்தியைக் காத்து வைப்பவர் இல்லாததால், பொதுவாக இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் செய்தி சேரும். மைய அமைப்பு தரும் விரைவும் வசதியும் அதனிடம் எதிர்பார்க்கத்தக்கன அல்ல.

ஊழலை வெளிப்படுத்துவோர் தம் ஆவணங்களைச் செய்தி நிறுவனங்களிடம் சேர்க்க உதவும் செக்யூர்டிராப் டோர் வழியாகவே இயங்குகிறது. போதைப்பொருள் விற்ற கள்ளச் சந்தைகளும் அவ்வழியைத்தான் பற்றின. நல்லவருக்கு மட்டும் திறக்கும் பூட்டு எவராலும் செய்யப்படவில்லை. பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 2023இல் இந்திய அரசு முடக்கிய 14 செயலிகளுள் பிரையரும் ஒன்று. நிறுவனம் நடத்தும் செயலியாயின், வழங்கியை நிறுத்துமாறு அதனிடம் ஆணையிடலாம். பிரையருக்கோ நிறுத்துவதற்கு வழங்கி இல்லை. அச்செயலியையே ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கு இணையமின்றிப் பகிரவும் முடியும்.