கால்பந்து கேலரியில் நாட்டுப் பிரிவினை பேசுவது ஏன்?

2020 ஜனவரி 19. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. ஆனால் கோல்களைவிட அதிகம் பேசப்பட்டது, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கேலரியில் தொங்கவிட்ட ஒரு பதாகைதான். இது ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் காட்டி வாங்கியதல்ல என்பது அதன் சாரம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்து குடிமக்கள் பதிவேடு வரும், தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கேட்பார்கள் என்ற பயம் வங்காளத்தில் பரவியிருந்தது.

பந்து பார்க்க வந்தவர்களுக்கு இந்த வம்பு எதற்கு? தமிழக–ஆந்திர எல்லையில் உள்ள நம் பொதட்டூர்பேட்டைப் பக்கம் செல்போனில் ஐரோப்பிய ஆட்டம் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே சந்தேகம் வரும். பார்சிலோனா ஆட்டம் என்றால் ஸ்பெயினை விட்டுப் பிரிய வேண்டும் என்று கேலரி கத்துகிறது. கிளாஸ்கோவில் ஒரு பக்கம் அயர்லாந்துக் கொடி, எதிர்ப்பக்கம் பிரிட்டன் கொடி. விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த அரசியல் ஏன் கேலரிக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் கொஞ்சம் வேலை.

கொல்கத்தாவிலிருந்தே தொடங்கலாம். மோகன் பகான் 1889இல் பிறந்த கிளப். 1911இல் வெள்ளைக்காரப் படைப்பிரிவு அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயரை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றதும் அது ஒரு நாட்டின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது. மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்க ஆட்டக்காரரை ஜோராபகான் கிளப் உட்கார வைத்துவிட்டது. அந்தக் கோபத்தில் சுரேஷ் சந்திர சவுத்ரி முதலானோர் வெளியேறித் தொடங்கிய கிளப் இது. அதுவரை இது நகரத்துக்குள் நடந்த மானப் பிரச்சினை மட்டும்தான்.

1947 எல்லாவற்றையும் மாற்றியது. பிரிவினையில் கிழக்கு வங்கம் பாகிஸ்தானானது. லட்சக்கணக்கானவர்கள் வீடு, வயல், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொல்கத்தா வந்து சேர்ந்தார்கள். நீ எந்தப் பக்கம் இருக்க விரும்புகிறாய் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இழந்த ஊரின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்ல அவர்களுக்கு மிஞ்சிய இடங்களில் ஒன்று ஈஸ்ட் பெங்கால் கேலரி. இன்றும் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அந்த வீடுகளில் இலிசா மீன், மோகன் பகான் ஜெயித்தால் எதிர்த்தரப்பு வீடுகளில் இறால். சந்தையில் அன்றைக்கு அந்தந்த மீனுக்கு விலை ஏறும் என்பது கொல்கத்தாக்காரர்களின் தீராத வேடிக்கைப் பேச்சு.

இதைத் தெரிந்துகொண்டு 2020 பதாகையைப் பாருங்கள். அந்தச் சட்டம் கிழக்கிலிருந்து வந்த இந்து அகதிகளுக்கு நன்மை செய்யும் என்றுதான் மத்திய அரசு சொன்னது. அந்த அகதிகளின் பேரப்பிள்ளைகள் நிறைந்த கேலரியிலிருந்தே, எங்களிடம் காகிதம் கேட்காதே என்ற குரல் வந்தது. நன்மையா தீமையா என்ற வாதம் இருக்கட்டும். யாரைக் குறித்துச் சட்டம் போட்டார்களோ அவர்களில் ஒரு பகுதியினர் பதில் சொல்லப் பிடித்த இடம் மைதானம்.

அதே வங்காளத்தில் கால்பந்து நேரடியாகவே ஒரு நாட்டுப் பிரிவினைக்கு ஆடியதும் உண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த ஆட்டக்காரர்கள் ‘சுதந்திர வங்கக் கால்பந்து அணி’யை உருவாக்கினார்கள். கேப்டன் ஜக்காரியா பிண்ட்டூ. முதல் ஆட்டம் ஜூலை மாதம் நதியா மாவட்டத்துக் கிருஷ்ணாநகரில். வங்கதேசக் கொடியை ஏற்றினால்தான் ஆடுவோம் என்று அணி அடம்பிடித்தது. இந்தியா அந்த நாட்டை இன்னும் அங்கீகரிக்கவில்லை. அங்கீகாரம் டிசம்பர் 6ஆம் தேதிதான் வந்தது. இருந்தும் கொடி ஏறியது. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. கொடியேற்ற அனுமதித்த மாவட்ட ஆட்சியர் மீது நடவடிக்கை பாய்ந்தது. அடுத்து கொல்கத்தாவில் ஆடிய மோகன் பகான் உஷாராகி, தன் பழைய நாயகன் கோஷ்ட பால் பெயரில் ஓர் அணியாக இறங்கியது. பம்பாயில் எதிரணிக்காக ஆடியவர் முன்னாள் கிரிக்கெட் கேப்டன் பட்டோடி. மொத்தம் 16 ஆட்டங்கள்; வசூல் விடுதலைப் போருக்குப் போனது. 1970 தேர்தலில் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி மறுக்கப்பட்ட மக்கள் கிழக்கு வங்காளிகள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதியைச் சேர்ந்த பார்சிலோனாவின் கதையும் இப்படித்தான். 1925இல் ஸ்பெயினின் அரச கீதத்துக்கு ரசிகர்கள் சீட்டியடித்தார்கள் என்பதற்காகச் சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேராவின் அரசு மைதானத்தையே பூட்டியது. கிளப் தலைவர் ஜோசப் சுன்யோலை 1936இல் பிராங்கோவின் படைகள் சுட்டுக் கொன்றன. பிராங்கோ ஆட்சியில் கட்டலான் மொழி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒடுக்கப்பட்டிருக்க, பல்லாயிரம் பேர் சேர்ந்து உட்காரும் கேலரியில் மட்டும் அதை அடக்க முடியவில்லை. பிற்காலத்தில் ஆட்டம் தொடங்கி 17 நிமிடம் 14 விநாடி ஆனதும் சுதந்திர முழக்கம் எழுப்புவது வழக்கமானது. 1714இல் பார்சிலோனா நகரம் வீழ்ந்ததன் நினைவு அது. 2017 அக்டோபர் 1 அன்று, நீதிமன்றம் தடை செய்திருந்த பிரிவினைப் பொதுவாக்கெடுப்பை நடத்தியவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. அன்று லாஸ் பால்மாஸுடன் நடந்த ஆட்டத்தைக் காலி கேலரிகளுக்கு முன்னால் ஆடி 3-0 என்று ஜெயித்தது பார்சிலோனா.

யூகோஸ்லாவியாவைப் பற்றி ஒரு மிகைக்கதை உலவுகிறது. 1990 மே 13 அன்று ஜாக்ரெப் நகரின் மக்சிமீர் மைதானத்தில் டைனமோ ஜாக்ரெப், ரெட் ஸ்டார் பெல்கிரேட் ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். அங்கேதான் போர் தொடங்கியது என்பார்கள். நான் அதை நம்பவில்லை. பிரிவினை கேட்ட கட்சி சில வாரங்களுக்கு முன்பே குரோவேஷியத் தேர்தலில் ஜெயித்துவிட்டது. போலீஸ்காரரை எட்டி உதைத்த டைனமோ ஆட்டக்காரர் போபனின் படம் சரித்திரமானது. உதை வாங்கியவர் செர்பியர்கூட இல்லை, போஸ்னிய முஸ்லிம். கேலரி அந்த நாட்டை உடைக்கவில்லை. உடைந்துவிட்டதை எல்லோருக்கும் முன்னால் கத்திச் சொன்னது.

ஸ்காட்லாந்து வேறு மாதிரி. 2014 செப்டம்பர் 18 அன்று அங்கே சட்டப்படி வாக்கெடுப்பு நடந்தது. பிரிய வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம். கிளாஸ்கோ நகரத்திலோ பிரிவோம் என்ற தரப்பு ஜெயித்தது. அந்நகரின் செல்டிக், ரேஞ்சர்ஸ் கிளப் ரசிகர்கள் இன்றும் கொடி பிடிக்கிறார்கள், வாய்ச்சண்டை ஓயவில்லை. ஆனால் முடிவைச் சொன்னது கேலரி அல்ல, வாக்குப்பெட்டி.

நாடில்லாதவர்களின் அணிகளும் ஆடும்படி கோனிஃபா என்ற அமைப்பு உலகக்கோப்பை நடத்துகிறது. புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் கொண்ட தமிழீழ அணி 2014இல் ஸ்வீடனிலும் 2018இல் லண்டனிலும் அதில் ஆடியது. கோப்பை கிடைக்காது என்று தெரிந்தும் பார்க்க வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கும் ஒரு பிரிவு நடந்தது. மாநில எல்லை வேறு, நாட்டு எல்லை வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனாலும் அன்றைய கொதிப்பு சின்னதல்ல. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுசாக அதற்குப் போனது. திருத்தணி முருகனும் பொதட்டூர்பேட்டைத் தறிகளும் அதில் அடக்கம். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார், கே.விநாயகம் போன்ற இப்பகுதித் தலைவர்களும் மறியல், கடையடைப்பு, சிறை என்று போராடினார்கள். திருப்பதி வரை கேட்டார்கள்.

அந்தக் கொதிப்பு கேலரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை; அதற்கு ஒரு வடிகால் கிடைத்தது. இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டு நடுவராக எச்.வி.படாஸ்கரிடம் வழக்கை ஒப்படைத்தன. மாவட்டம், தாலுகா என்று மொத்தமாகப் பார்க்காமல் கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய சூத்திரம். 1959இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது; 1960 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுமார் 405 சதுர மைல் இந்தப் பக்கம் வந்தது. 326 சதுர மைல் அந்தப் பக்கம் போனது.

எல்லோருக்கும் திருப்தி என்று சொன்னால் பொய். திருப்பதி வரவில்லை. சத்தியவேடு போனது, அதோடு அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களும் போயின. பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் தமிழ்நாட்டுக்குள் நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையிலும் தறிதான் பிழைப்பு. சம்பந்தம் செய்துகொள்ளவும் சரக்கு அனுப்பவும் யாரும் எல்லைக்கோட்டைக் கேட்பதில்லை. கிராமக் கணக்கை வைத்து 1960இல் போட்ட அந்தக் கோடு இன்றுவரை அப்படியே இருக்கிறது.