பாவா ஆதம் மலை: மெலிந்த பணப்பையுடன் ஒரு தனிப் பயணம்

வணிகத்தின் பொருட்டோ உறவினரைக் காணும் பொருட்டோ கொழும்பு சென்று திரும்பும் நம்மவர் பலர். காலிமுகத் திடலில் காற்று வாங்கியதையும் புறக்கோட்டைக் கடைவீதியில் பொருள் வாங்கியதையும் அவர்கள் சுவையுடன் எடுத்துரைப்பார்கள். “பாவா ஆதம் மலைக்குப் போனீர்களா?” என்று கேட்டால் மட்டும், “துணைக்கு ஆளில்லை, கையில் பணமுமில்லை” என்று இரண்டு காரணங்களைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பல்லாண்டுக் காலம் நானும் அவ்வாறே சொல்லி வந்தவன்தான். அவ்விரண்டும் எத்துணை வலுவற்ற காரணங்கள் என்பதை ஒரு டிசம்பர் இரவில் அம்மலையே எனக்கு உணர்த்திற்று.

ஒரு மலை, பல பெயர்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவில் நிமிர்ந்து நிற்கிறது இம்மலை. இதனினும் உயர்ந்த சிகரங்கள் அந்நாட்டில் உண்டு. ஆயினும் இது தனித்து எழுந்து நிற்பதால், பண்டைய மாலுமிகளுக்குக் கடலிலிருந்தே அடையாளமாக விளங்கிற்று. உச்சிப் பாறையில் பாதம் போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. பௌத்தர்கள் அதைப் புத்தரின் பாதம் என்று போற்றி, மலையை ஸ்ரீபாத என்பார்கள். இந்துக்களுக்கு இது சிவனொளிபாதமலை. நபி ஆதம் (அலை) அவர்கள் சுவனத்திலிருந்து இறங்கியபோது பாதம் பதித்த இடம் என்பது முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. எனினும் திருக்குர்ஆனில் இம்மலை பெயர் சுட்டிக் கூறப்படவில்லை என்பதை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். வல்லோனின் படைப்பைக் கண்டு வியக்கச் செல்லும் பயணமாகவே இதைக் கொள்ளுங்கள்.

உலகப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் இங்கு ஏறினார். மாலத்தீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பல் திசை தவறி இலங்கைக் கரையை அடைந்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். ‘ஆதம் நபியின் பாதத்தைக் காண்பதொன்றே என் விருப்பம்’ என்று அவர் சொல்ல, மன்னர் பல்லக்கும் வழித்துணைவரும் உணவு சுமப்போரும் கொடுத்து அனுப்பினார். மலைக்கு ‘பாபா வழி’, ‘மாமா வழி’ என இரு பாதைகள் இருந்ததையும், செங்குத்தான பாறைகளில் சங்கிலிகளைப் பற்றி ஏற வேண்டியிருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். கடைசிச் சங்கிலிக்கு ‘ஷஹாதத் சங்கிலி’ என்று பெயராம். அங்கிருந்து கீழே நோக்குபவர் அச்சத்தால் கலிமாவை மொழிந்துவிடுவார் என்பதே காரணம்!

இன்று உங்களுக்குப் பல்லக்கு இல்லை. ஆனால் படிக்கட்டுகள் இருக்கின்றன.

எங்கே சுருக்கலாம்?

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைப் பருவம். அந்நாட்களில் இரவு முழுவதும் பாதை நெடுக விளக்குகள் எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். முன்னும் பின்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். தனியே செல்பவருக்கு இதைவிடச் சிறந்த துணை வேண்டியதில்லை. மற்ற மாதங்களில் மழையும் இருளும் மிகுதி. அப்போது தனியே ஏறாதீர்கள். பருவத்திலும் பௌர்ணமி நாட்களையும் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். அந்நாட்களில் கூட்டம் படிகளிலேயே மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். விடுதி வாடகையும் ஏறிவிடும்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து நான் மூன்றாம் வகுப்பு இரயிலில் ஹட்டன் சென்றேன். அங்கிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரமாகிய நல்லதண்ணிக்குப் பேருந்து கிடைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் பெரிதும் சிதைத்தது. ஆதலால் இரயிலும் சாலையும் எந்நிலையில் உள்ளன என்பதைக் கேட்டறிந்த பின்னரே புறப்படுங்கள். மலையேற நுழைவுக் கட்டணம் கிடையாது. மாலையில் எளிய அறையொன்றில் படுத்துறங்கி, நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியளவில் ஏறத் தொடங்கினால் போதும். ரொட்டி, பேரீச்சம்பழம், உளூவுக்கும் பருகவும் தண்ணீர் ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொண்டால் உணவுச் செலவும் அடங்கிவிடும்.

எங்கே சுருக்கலாகாது?

கம்பளி ஆடையிலும் காலணியிலும் சிக்கனம் பாராட்டாதீர்கள். ஏறும்போது வியர்வை ஆறாகப் பெருகும். உச்சியை அடைந்ததும் அதே ஈரத்தில் குளிர்காற்று ஊசியாய்க் குத்தும். மாற்றுச் சட்டையொன்று கட்டாயம் வேண்டும். சிறு கைவிளக்கும் வேண்டும். எந்த வழியில் ஏறுகிறீர்கள், எப்போது இறங்குவீர்கள் என்பதை வீட்டாரிடமும் விடுதிக்காரரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆயினும் தனிப் பயணிக்கு இதுவே பெருங்காவல்.

சுருக்கலாகாத மற்றொன்றை நான் வெட்கத்துடன் கற்றுக்கொண்டேன்.

நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 5,500 படிகள். பாதிக்கு மேல் ஏறியதும் மூச்சு முட்டிற்று. ஒரு தகரக் கொட்டகையில் அமர்ந்து பிளேன்டீ கேட்டேன். அடிவாரத்தில் கொடுத்ததைப் போல் இருமடங்கு விலை சொன்னார் கடைக்காரர். தோட்டத்துத் தமிழர், ஐம்பது வயதிருக்கும். பணத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டு வந்த நான், “கீழே பாதி விலைதானே! ஏன் இந்த அநியாயம்?” என்று கடிந்துகொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் தொப்பியைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “நானா, தண்ணி, சீனி, கேஸ் எல்லாம் ஆள் முதுகுல ஏறித்தான் இங்க வருது. நீங்க ஒரு பையோட வந்ததுக்கே இப்படி மூச்சு வாங்குறீங்களே!”

அப்போதுதான் பார்த்தேன். கொட்டகையின் ஓரத்தில் ஓர் இளைஞர் எரிவாயு உருளையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, நெற்றியில் கட்டியிருந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். கடைக்காரரின் மகனாம். பகலில் தோட்ட வேலை. பருவம் வந்தால் இரவில் சுமை. அந்தச் சில மாத வருமானத்தை நம்பியே தம் வீட்டுக் கடன்கள் நிற்கின்றன என்றார் தந்தை. நான் தலைகுனிந்து கேட்ட விலையைக் கொடுத்தேன்.

நேயர்களே, சிக்கனம் வேறு; கருமித்தனம் வேறு. நம் வசதியைக் குறைத்துக்கொள்வது சிக்கனம். பிறர் உழைப்பின் கூலியைக் குறைப்பது கருமித்தனம். மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே வந்தபோது நான் சிக்கனக்காரன். அந்தக் கொட்டகையில் பேரம் பேசியபோது நான் வேறொருவனாகிவிட்டிருந்தேன். வீண்விரயம், கஞ்சத்தனம் ஆகிய இரண்டுக்கும் நடுவே செல்லுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்ட பாதை, அந்தப் படிக்கட்டைவிடச் செங்குத்தானது போலும்!

நிழல் சொன்ன திசை

கடைசிப் படிகள் மிகச் செங்குத்தானவை. இருபுறமும் உள்ள கம்பிகளைப் பற்றிக்கொண்டு, வெண்ணிற ஆடையணிந்த சிங்கள மூதாட்டியர் பாடிக்கொண்டே ஏறினர். அவர்களுக்கு வழிவிட்டு நான் பின்னே ஏறினேன். உச்சியில் காலணியைக் கழற்ற வேண்டும். அது பௌத்தர்களின் வணக்கத்தலமாகவும் இருப்பதால், அவர்களது வழிபாட்டுக்கு இடையூறு நேராதபடி ஒதுங்கி நிற்பதே நமக்கு அழகு. ஒரு மூலையில் துணியை விரித்து சுப்ஹுத் தொழுகையை நிறைவேற்றினேன்.

பின்னர்க் கிழக்கு வெளுத்தது. மேகக்கடலின் விளிம்பில் கதிரவன் எழுந்ததும் எல்லோரும் அந்தப் பக்கமே நோக்கினர். நீங்கள் மறவாமல் மறுபக்கமும் திரும்புங்கள். மலையின் நிழல் துல்லியமான முக்கோணமாக மேகங்களின்மேல் நெடுந்தொலைவு நீண்டு கிடக்கும். சற்று நேரத்தில் சுருங்கி மறைந்துவிடும். டிசம்பரில் கதிரவன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே தள்ளி உதிப்பதால், நிழல் மேற்குக்குச் சற்று வடக்கே விழுகிறது. அவ்விடத்திலிருந்து கிப்லாவின் திசையும் ஏறக்குறைய அதுவே! சற்றுமுன் நான் தொழுத திசையை நோக்கி ஒரு மலையே நிழலாய்ச் சாய்ந்து கிடந்த காட்சியைக் கண்டு, நெடுநேரம் வாய்பேசாது நின்றேன்.

இறங்கும்போது அவசரப்படாதீர்கள், ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். குப்பையைப் பையிலேயே கீழே கொண்டு வாருங்கள். அன்றே நெடும்பயணம் மேற்கொள்ளாது ஒரு பகல் ஓய்வெடுங்கள்.

திரும்பும் வழியில் அதே கொட்டகையில் மீண்டும் அமர்ந்தேன். இம்முறை விலை கேட்கவில்லை. அவரோ இரண்டாவது கோப்பைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். “காலையில கோபமா போனீங்க, இப்ப சிரிச்சிக்கிட்டு வாறீங்க, அது போதும் நானா” என்றார்.

துணையில்லை என்று இனிச் சொல்லாதீர்கள்; வழியெங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பணமில்லை என்றும் சொல்லாதீர்கள். உள்ளதை நேர்மையாகச் செலவிட்டால் அம்மலைக்கு அதுவே போதும். அந்த விடியலைக் காணும் வாய்ப்பை வல்ல நாயன் உங்களுக்கும் அருள்வானாக!