சாக்குத் தையலும் சுருக்கு வட்டமும்

தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் ஊர்த் தையல்கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. தரையெல்லாம் வெட்டுத்துணி. திருவண்ணாமலையில் தீபாவளி முடிந்த சூட்டிலேயே கார்த்திகைத் தீபமும் வந்துவிடுவதால் தையற்காரர்களுக்கு ஓய்வே இல்லை. தேரடித் தெருப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். ஓர் அரிசிப் பை நிறைய ஜாக்கெட் துணி, லைனிங் துணித் துண்டுகளைத் திணித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதை வைத்துத்தான் ஏழாம் வகுப்பில் சுருக்கு வட்டம் தைக்கத் தொடங்கினோம்.

சுருக்கு வட்டம் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். வட்டமாக வெட்டிய துணியின் ஓரத்தில் நூல் ஓட்டி இழுத்தால், ஓரம் முழுவதும் நடுவில் வந்து கூடிக்கொள்ளும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயை இழுத்து மூடுவதும் இதே வேலைதான். பை உப்பி நிற்கும். இதை உள்ளங்கையால் தட்டிப் பரப்பிவிடுகிறோம், அவ்வளவே. இங்கிலாந்தில் இதற்குச் சஃபோக் பஃப் என்று பெயர். அமெரிக்காவில் யோ-யோ என்பார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பெட்ரோ ஃப்ளோரஸ் 1928இல் கலிபோர்னியாவில் யோ-யோ பொம்மை தயாரிக்கத் தொடங்கினார். அந்தப் பொம்மை பரவலானபின் துணி வட்டத்துக்கும் அதன் பெயர் ஒட்டிக்கொண்டது.

வட்டம் வரைய எங்களுக்குக் காம்பஸ் தேவைப்படவில்லை. பள்ளி அலமாரியில் பழைய சிடிக்கள் கிடந்தன. ஒரு சிடியின் விட்டம் சரியாக 12 செ.மீ. துணியின் உட்புறத்தில் அதை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்ட வேண்டும். பருத்தித் துணிதான் நல்லது. பட்டு பிரியும், பாலியஸ்டர் வழுக்கும். ஓரத்தை அரை செ.மீ. உட்புறமாக மடித்துக்கொண்டே மடிப்பை ஒட்டி நூலை ஓட்டிச் செல்ல வேண்டும். நூல் இரட்டை இழையாக இருக்கட்டும், ஒற்றை இழை இழுக்கும்போது அறுந்துவிடும். முதல் முடிச்சு மடிப்புக்குள் மறைய வேண்டும். சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தொட்டதும் மெல்ல இழுத்து, முடிச்சுப் போட்டு, தட்டையாக அழுத்தினால் வட்டம் தயார். ஓரம் நடுவுக்கு வந்துவிடுவதால் அகலம் பாதியாகும். 12 செ.மீ. துணி மடித்தபின் 11. தைத்து முடித்தால் ஐந்தரை.

ஊசி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். எங்களுக்கு ஒருநாள் ஓர் ஊசி குறைந்தது. அரை மணி நேரம் தேடியபின் என் முந்தானையிலேயே குத்தி நின்றது!

தவறு நடந்தது தையலில். நான் பி.எட். படித்தபோது கைவேலைத் தாளில் சிறு சிறு தையலாகப் போட்டுக் காட்டிப் பாராட்டு வாங்கியவள். அதே நினைப்பில், “பொடித் தையலா போடுங்க, அதான் அழகு” என்றேன். எல்லோரும் போட்டார்கள். ஒரு பையன் மட்டும் ஒரு செ.மீ. தையல், ஒரு செ.மீ. இடைவெளி என்று நீள நீளமாக ஓட்டியிருந்தான். “என்னடா இது, சாக்குத் தைக்கிறியா? பிரிச்சுட்டுப் போடு” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் பேசாமல் குனிந்துகொண்டான்.

மாலையில் வட்டங்களைச் சேகரித்தபோது ஒன்றுகூட நடுவில் மூடியிருக்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய துளை. இழுக்க இழுக்க நூல்தான் அறுந்தது. மறுநாள் ஒரு மாணவி, “டீச்சர், இவன்து மட்டும் மூடியிருக்கு” என்று அந்தப் பையனின் சட்டைப்பையைக் காட்டினாள். அவன் பிரிக்கவில்லை. ஒளித்து வைத்திருந்தான். நடுவில் பட்டாணி அளவுக்குத்தான் துளை. யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். அவன் அம்மா அரிசி ஆலையில் மூட்டை தைப்பவராம். நான் முந்தைய நாள் சொன்ன வார்த்தை எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்த வகுப்பின் முன்னாலேயே, நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு, அவன் தையல்தான் சரி என்றேன். ஆனால் ஏன் சரி என்று எனக்கே அப்போது தெரியாது. சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று கரும்பலகைக்குப் போனோம்.

மடித்த வட்டத்தின் விட்டம் 11 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 34.5 செ.மீ. பொடித் தையலில் தையலும் இடைவெளியும் சேர்ந்து 6 மி.மீ.; ஆக, சுற்றிலும் 57 மடிப்புகள். அவன் தையலில் அது 2 செ.மீ.; 17 மடிப்புகள்தான். ஒவ்வொரு மடிப்பும் நடுவில் இடம் பிடிக்கிறது. ஓரம் ஏற்கெனவே இரண்டாக மடிந்திருப்பதால் ஒரு மடிப்பில் துணி நான்கு அடுக்கு. லைனிங் துணியை எட்டு அடுக்காக மடித்து அழுத்தி அளவுகோலில் பார்த்தோம், 2 மி.மீ. அப்படியானால் நான்கு அடுக்கு 1 மி.மீ. பொடித் தையலில் 57 மி.மீ. சுற்றளவுக்குத் துணி நெருக்கிக்கொண்டு நிற்கும்போது துளையின் விட்டம் 18 மி.மீ.க்குக் கீழே போக வழியில்லை. அவனுடையதில் 17 மி.மீ. சுற்றளவு, ஐந்தரை மி.மீ. துளை. கையில் இருந்த வட்டங்களை அளந்தோம். கணக்குக்கு அருகில்தான் வந்தன. விட்டம், சுற்றளவு என்று பலமுறை எழுதிப்போட்டும் பிடிபடாத சிலருக்கு அன்று பிடிபட்டது.

இப்போது முக்கால் செ.மீ. தையல், அதே அளவு இடைவெளி என்று வைத்திருக்கிறோம். ஒரு செ.மீ. தையலில் மடிப்பு கொஞ்சம் முரடாக விழும், சிலருக்கு அதுவே பிடித்திருக்கிறது. துளையே அழகு என்பவர்கள் பொடித் தையல் போட்டு நடுவில் பொத்தான் வைக்கலாம்.

இணைப்பது எளிது. இரண்டு வட்டங்களின் சுருக்கிய முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்தில் ஒரு செ.மீ. நீளத்துக்கு ஐந்தாறு முறை நூலைச் சுற்றித் தைத்து, பிறகு விரித்துவிட வேண்டும். முதலில் வரிசைகளாக, பிறகு வரிசையோடு வரிசையை. ஐந்துக்கு ஐந்தாக 25 வட்டங்களுக்கு எத்தனை இணைப்பு என்று தைப்பதற்கு முன்பே கேளுங்கள். எங்கள் வகுப்பில் பலரும் 100 என்றார்கள், ஒரு வட்டத்துக்கு நான்கு பக்கம் என்ற கணக்கில். தைத்தபின் எண்ணினால் 40. ஓர் இணைப்பை இருவர் பங்கிட்டுக்கொள்வதும், ஓரத்து வட்டங்களுக்கு வெளியே துணை இல்லாததும் அவர்களாகவே சொன்ன காரணங்கள். வட்டங்களுக்கு நடுவே விழும் சந்து பிடிக்காவிட்டால், ஒன்றைச் சுற்றி ஆறு வைத்துத் தைக்கலாம், சந்து சிறிதாகும். நாணயங்களை மேசையில் அடுக்கிக் காட்டினால் போதும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த 25 வட்டங்களுக்கு 3,600 சதுர செ.மீ. துணி போகிறது, கிடைக்கும் விரிப்போ 27.5 செ.மீ. சதுரம், அதாவது ஐந்தில் ஒரு பங்குதான். எனவே கடையில் புதுத் துணி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை அல்ல.

விரிப்பு முடிந்த அன்று அந்தப் பையன் கேட்டான்: “துணி தடிப்பா இருந்தா, டீச்சர்?” அவனே ஒரு பழைய பேண்ட் துணியைக் கொண்டுவந்தான். எட்டு அடுக்கு 4 மி.மீ. அப்படியானால் துளை இரண்டு மடங்கு, 11 மி.மீ. என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தான். தைத்து அளந்தபோது 12 வந்தது. ஒரு மி.மீ. எங்கே போயிற்று என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.