உஷார்! உங்கள் மெயில் சர்வர் யார் கையில்?

உங்கள் நிறுவனத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: "பேக்கப்பில் இருந்து ஒரு மெயில்பாக்ஸையாவது கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தீங்க?" 'பேக்கப் தினமும் ராத்திரி ஓடுது சார்' என்று பதில் வந்தால் நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள். ஓடுகிற பேக்கப் வேறு, திரும்பி வருகிற பேக்கப் வேறு. அந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இதில் அவர்மேல் குற்றமில்லை. சில நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நூற்றுக்கணக்கானவர்களின் கடிதப் போக்குவரத்தை அவர் தலையில் கட்டியவர்கள்தான் பொறுப்பு.

வகுப்புகளில் என்ன நடக்கிறது? சர்வரை நிறுவுகிறார்கள், பயனர் கணக்கு தொடங்குகிறார்கள், அவுட்லுக்கில் இணைக்கிறார்கள். ஒரு டெஸ்ட் மெயில் போய்ச் சேர்ந்ததும் சான்றிதழ் கையில். மெயில் சர்வர் முதல் நாள் ஒழுங்காக ஓடத்தான் செய்யும். அது கெடுவது ஆறு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில். அந்த ராத்திரிக்கான பாடம் பெரும்பாலான பாடத்திட்டங்களில் இல்லை.

2021-இல் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் பெரிய ஓட்டை இருப்பதைத் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் கண்டுபிடித்து, அந்த ஜனவரியில் மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்தார். பிராக்ஸிலாகன் என்று அதற்குப் பெயர் வந்தது. பாஸ்வேர்டே தேவையில்லை. வெப்மெயிலுக்காக 443-ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் போதும், சர்வரைக் கைப்பற்றிவிடலாம். பேட்ச் வெளிவந்தது மார்ச் 2-ஆம் தேதி. அதற்குள் சீனாவிலிருந்து இயங்குவதாக மைக்ரோசாஃப்ட் சொன்ன ஹாஃப்னியம் குழு பல இடங்களில் புகுந்துவிட்டிருந்தது. பேட்ச் வந்த சில நாள்களுக்குள் வேறு குழுக்களும் வரிசையாக இறங்கின. 115-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் அதிகமான சர்வர்களில் வெப் ஷெல் இருந்ததாக ஈசெட் நிறுவனம் சொன்னது. வெப் ஷெல் என்பது சர்வருக்குள் ஒளித்து வைக்கப்படும் ஒரு சின்னக் கோப்பு. எங்கோ உட்கார்ந்து பிரவுசர் வழியாக அதைத் தொட்டே சர்வருக்குக் கட்டளை போடலாம். ஐரோப்பிய வங்கி ஆணையமே தன் மெயில் அமைப்பை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

பேட்ச் வந்த பிறகு அட்மின்கள் தடுக்கி விழுந்த இடங்களைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலாவது, எக்ஸ்சேஞ்சுக்கு அவ்வப்போது வரும் தொகுப்புப் புதுப்பிப்புகளை ஒழுங்காகப் போட்டுவந்த சர்வர்களில்தான் அந்தப் பேட்ச் நேரடியாக உட்கார்ந்தது. 'ஓடுற சர்வரை எதுக்குத் தொடணும்' என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தவர்கள், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே முதலில் பழைய பாக்கியை முடிக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புகளுக்கும் பேட்ச் வர இன்னும் சில நாள்கள் ஆயின.

இரண்டாவது இன்னும் கொடுமையானது. பேட்ச் கோப்பை இறக்கி, சும்மா டபுள் கிளிக் செய்து நிறுவினால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாமல் ஓடி, சில கோப்புகள் சரியாக மாறாமலே இருந்துவிடும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. மைக்ரோசாஃப்டே இதை எழுதி எச்சரித்திருந்தது. அந்தக் குறிப்பைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர், பேட்ச் போட்டாகிவிட்டது என்று மேலதிகாரிக்கு மெயில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மூன்றாவது, பேட்ச் ஓட்டையை அடைக்கும். ஏற்கெனவே உள்ளே வந்தவனை வெளியேற்றாது. திருடன் பரணில் ஒளிந்திருக்கும்போது வாசல் பூட்டை மாற்றி என்ன பயன்? பேட்ச் போட்ட கையோடு லாக்குகளைப் பார்த்து, வெப் கோப்புறைகளில் புதிதாக முளைத்த கோப்புகளைத் தேடியிருக்க வேண்டும். பலர் தேடவில்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ, நீதிமன்ற அனுமதி பெற்று, அந்நாட்டின் நூற்றுக்கணக்கான கணினிகளில் எஞ்சியிருந்த வெப் ஷெல்களைத் தானே நீக்கியது. சொந்தச் சர்வரைச் சுத்தம் செய்யப் போலீஸ் வர வேண்டியிருந்தது என்றால், பயிற்சியின் லட்சணம் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

வெளியாள் யாரும் வராமலே சர்வரைக் கொல்லவும் வழி இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 1 எம்பி அளவுள்ள டிரான்சாக்‌ஷன் லாக் கோப்புகளில் எழுதும். அப்புறம்தான் டேட்டாபேஸில் சேர்க்கும். வழக்கமான அமைப்பில், பேக்கப் வெற்றிகரமாக முடிந்தால்தான் பழைய லாக்குகள் தானாக நீங்கும். பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தால் லாக்குகள் குவியும், டிஸ்க் நிரம்பும், ஒரு ராத்திரி டேட்டாபேஸ் நின்றுவிடும். அரைகுறையாகக் கற்ற அட்மின் அப்போது என்ன செய்வார்? பழைய கோப்புகள்தானே என்று லாக்குகளைக் கையால் அழிப்பார். டேட்டாபேஸுக்கு இன்னும் தேவைப்படும் லாக்கும் அதில் போய்விட்டால், அது மறுபடி எழாது. அடுத்து கூகுளில் தேடுவார்; இஎஸ்இயூடில் என்ற கருவியின் ரிப்பேர் கட்டளை கிடைக்கும். நகல்கூட எடுக்காமல், இருக்கும் ஒரே டேட்டாபேஸ் மேல் அதை ஓட்டுவார். படிக்க முடியாத பக்கங்களைத் தூக்கி எறிந்துதான் அந்தக் கட்டளை ரிப்பேர் செய்யும். போன மெயில்கள் போனவைதான்.

இந்த விபத்தைப் பயிற்சிக்கூடத்தில் வேண்டுமென்றே நடத்திக் காட்ட வேண்டும். டிஸ்க்கை நிரப்புங்கள், டேட்டாபேஸை விழ வையுங்கள், பேக்கப்பிலிருந்து எழுப்பச் சொல்லுங்கள். கை நடுங்குவது அங்கே நடுங்கட்டும்.

லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர் வைத்திருப்பவர்களும் இதையெல்லாம் வேறு யாருக்கோ சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரே ஓர் ஊழியரின் பாஸ்வேர்டு கசிந்தால் போதும். ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கணக்கு வழியே ஸ்பாம் கொட்டும், கியூ பிதுங்கும், ஸ்பாம்ஹாஸ் போன்றவர்களின் தடைப்பட்டியலில் உங்கள் ஐபி ஏறிவிடும். காலையில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியல்கூடத் திரும்பி வரும். பதறியவர் ஐபியை மாற்றுவார். மறுநாள் அந்த ஐபியும் பட்டியலில். எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று லாக்கில் பார்த்து, அதைப் பூட்டி, கியூவிலிருந்து அந்த மெயில்களை மட்டும் நீக்கி, கடைசியில்தான் பட்டியலிலிருந்து விடுவிக்கக் கேட்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிற நிறுவனத்துக்கு மூன்றும் கட்டாயம்.

ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். மெயில்பாக்ஸில் புகுந்தவன் உடனே எதையும் திருடுவதில்லை. 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயில்களை வெளியே அனுப்பவும், மறைத்து வைக்கவும் ஒரு ரூல் போட்டுவிட்டுக் காத்திருப்பான். பணம் வரும் நேரத்தில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி, உங்கள் பெயரிலேயே ஒரு கடிதம் போகும். பாஸ்வேர்டை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்ததாக அட்மின் நினைத்துவிடுகிறார். அந்த ரூல் அப்படியே இருக்கிறது, மெயில்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. கணக்கு கசிந்தால் ரூல்கள், ஃபார்வர்டிங், இணைந்திருக்கும் போன்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அரை மணி நேரப் பாடம். அந்த அரை மணி நேரம் இல்லாததால் பெரும் பணம் போகிறது.

சட்டமும் காத்திருக்கவில்லை. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்; லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் எந்த மெயில் எங்கே போனது என்று சொல்லும் லாக், நிறுவியபடியே விட்டால் 30 நாளோடு அழிந்துவிடும். பல லினக்ஸ் சர்வர்களிலும் சில வாரங்கள்தான். உங்கள் அட்மின் அதை மாற்றி வைத்திருக்கிறாரா?

உடனடி ஆபத்து ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 2019 ஓடும் சர்வரில், கடைசித் தொகுப்புகள் போட்டிருந்தால், அதே இடத்திலேயே எக்ஸ்சேஞ்சின் அடுத்த பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு ஏறலாம். 2016-இல் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பக்கத்தில் புதுச் சர்வர் நிறுவி, மெயில்பாக்ஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பழையதை முறைப்படி விலக்க வேண்டும். இதை ஒருமுறைகூடச் செய்து பழகாதவரை நேரடிச் சர்வரில் இறக்கிவிடாதீர்கள். இரண்டு பழைய கணினிகளை ஒதுக்கி, உங்கள் சர்வரின் மாதிரி ஒன்றை அமைத்துக் கொடுங்கள். மற்ற வேலைகளிலிருந்து அவரை விடுவித்து, நகர்த்தலையும் பேக்கப் மீட்பையும் அதில் முழுதாகச் செய்து முடிக்கச் சொல்லுங்கள். அதற்கான நாள்களை இந்த வாரமே குறித்துவிடுங்கள்.