மழுங்கிய டிரில் பிட்டைத் தூக்கிப் போடாதீங்க! - திருவந்திபுரத்துப் பெரியப்பா எடுத்த சாணை கிளாஸ்

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போயிருக்கிறீர்களா? கடலூரிலிருந்து கெடிலம் ஆற்றை ஒட்டிப் போனால் வரும் ஊர். தேவநாத சுவாமி கோயிலில் அடுத்தடுத்து கல்யாணம் நடக்கும். தெரு முழுக்க மாலையும் கழுத்துமாக மணமக்கள். அப்படி ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போன நான், மறுநாள் பெரியப்பா வீட்டுக் கொல்லைப்புற ஷெட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பெரியம்மாவின் பூந்தொட்டிகளுக்கு ஒரு இரும்பு ஸ்டாண்ட் செய்யலாம் என்று ஆங்கிளில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். டிரில் மெஷின் கிறீச்சென்று கத்தியது. புகை வந்தது. ஓட்டை மட்டும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். சட்டென்று மெஷின் நின்றது. திரும்பிப் பார்த்தால் பெரியப்பா சுவிட்சை அணைத்திருந்தார்.

"பாப்பா, அது வெட்டல, தேய்க்குது. தேய்க்கிற பிட்டைப் போட்டு அழுத்தினா ஒடிஞ்சு மூஞ்சிலதான் வந்து அடிக்கும்."

அவர் சும்மா சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை பார்த்தவர். இளவயதில் இதே மாதிரி அழுத்தியபோது பிட் ஒடிந்து, துண்டு ஒன்று இடது கண்ணில் பட்டது. கண் தப்பியது. ஆனால், அந்தக் கண்ணில் இன்றும் எல்லாமே மங்கல்தான்.

"சரி பெரியப்பா, கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வர்றேன்" என்றேன். "பத்து நிமிஷ வேலைக்கு எதுக்குக் கடை?" என்று பெஞ்ச் கிரைண்டர் மேல் இருந்த துணியை எடுத்தார். அன்று கற்றுக்கொண்டது அத்தனையும் இங்கே உங்களுக்காக.

மழுங்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

நல்ல பிட் இரும்பில் இறங்கினால் சுருள் சுருளாக இரும்பு வெளியே வரும். மழுங்கியது என்றால் தூளாக வரும். கூடவே சத்தம், சூடு, புகை.

இன்னொரு வழி, வெளிச்சம். பிட்டின் நுனியை விளக்குக்கு நேராகக் காட்டி, வெட்டும் விளிம்பைப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. விளிம்போரம் வெள்ளைக் கோடு மாதிரி மினுமினுத்தால், அந்த இடம் உருண்டுவிட்டது என்று அர்த்தம்.

எந்த பிட்டைச் சாணை பிடிக்கலாம்?

இரும்புக்குப் பயன்படும் 'ஹெச்.எஸ்.எஸ்.' பிட்தான் வீட்டில் சாணை பிடிக்க ஏற்றது. ஹை ஸ்பீட் ஸ்டீல் என்பதன் சுருக்கம் அது. நாம் இன்று பயன்படுத்தும் முறுக்கு வடிவ பிட்டுக்கு அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் காப்புரிமை வாங்கினார். சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் கடினம் குறையாத ஹை ஸ்பீட் ஸ்டீல் அதற்குப் பிறகுதான் வந்தது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டியபோது உலகமே வியந்தது.

இந்த எஃகுக் கதையில் கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சிதம்பரம் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தினார். சேலம் பக்கத்து இரும்புத் தாதுதான் மூலப்பொருள். அதே ஹீத்தான், மாங்கனீஸ் சேர்த்து நல்ல எஃகு செய்யும் முறைக்கு 1839-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர். உளி, கத்தி போன்ற கருவிகளுக்கு எஃகு செய்த ஷெஃபீல்டு நகரம் அந்த முறையால் பெரிதும் லாபம் பார்த்தது.

சுவரில் ஓட்டை போடும் பிட்டின் நுனியில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு. சாதாரணச் சாணைக்கல் அதை வெட்டாது. பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லோ, வைரச் சக்கரமோ வேண்டும். 3 மி.மீ-க்குக் குறைவான பிட்களைக் கையில் பிடித்துத் தீட்டுவதும் கஷ்டம். இந்த இரண்டுக்கும் புதுசு வாங்குவதே நல்லது.

சுவிட்ச் போடுவதற்கு முன்

"முதல்ல அந்தத் துப்பட்டாவைக் கழட்டு, முடியைக் கட்டு" - இதுதான் பெரியப்பாவின் முதல் பாடம். மீதி இதோ:

* கண்ணாடி கட்டாயம். பவர் கிளாஸ் போதாது, பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.
* கையுறை போடாதீர்கள். சுற்றும் கல் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.
* புதுக் கல் மாட்டும் முன் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்க வேண்டும். 'டப்' என்று கேட்டால் விரிசல் இருக்கலாம், மாட்டாதீர்கள்.
* கல்லுக்கும் அதன் முன்னால் இருக்கும் தாங்கு தகட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ-க்கு மேல் இருக்கக் கூடாது.
* சுவிட்ச் போட்டதும் கல்லுக்கு நேராக நிற்காமல் ஓரமாக ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சாணை பிடிப்பது எப்படி?

பிட்டின் நுனியை நேராகப் பாருங்கள். இரண்டு வெட்டும் விளிம்புகள் இருக்கும். வேலை செய்வது அவை இரண்டும்தான். அவற்றில் மூன்று விஷயம் சரியாக இருந்தால் போதும்.

1. கோணம்: சாதாரண பிட்டின் நுனிக் கோணம் 118 டிகிரி. அதில் பாதி 59. அதாவது, பிட்டைக் கல்லின் முகத்துக்கு 59 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். தாங்கு தகட்டின் மேல் சாக்பீஸால் அந்தச் சாய்வில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கை தடுமாறாது.

2. சரிவு: வெட்டும் விளிம்புக்குப் பின்னால் இருக்கும் பகுதி 8 முதல் 12 டிகிரி வரை சரிந்து இறங்க வேண்டும். சரிவே இல்லையென்றால் பின்பகுதி இரும்பில் உரசும், விளிம்பு உள்ளே இறங்காது. எனக்குப் புகை வந்ததும் இதே உரசலில்தான். சரிவு அதிகமானால் விளிம்பு மெலிந்து உடையும்.

3. சமம்: இரண்டு விளிம்புகளும் ஒரே நீளம், ஒரே கோணம். ஒன்று நீளமாக இருந்தால் ஓட்டை பிட்டின் அளவைவிடப் பெரிதாகிவிடும்.

இனி, கை வேலை. இடது கை ஆள்காட்டி விரலைத் தாங்கு தகட்டில் ஊன்றி, அதன்மேல் பிட்டை வையுங்கள். வெட்டும் விளிம்பு படுக்கைவாட்டில் இருக்கட்டும். விளிம்பு முதலில் கல்லைத் தொட வேண்டும். தொட்டதும், வலது கையில் இருக்கும் வால் பகுதியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே பிட்டைக் கொஞ்சமாக வலப்பக்கம் உருட்டுங்கள். விளிம்பில் ஆரம்பித்துப் பின்பக்கம் வரை கல் தடவிக்கொண்டு போகும். சரிவு தானாக விழும். பிறகு பிட்டை அரைச் சுற்று திருப்பி, இன்னொரு விளிம்புக்கும் அதையே செய்யுங்கள். இந்தப் பக்கம் இரண்டு தடவை என்றால் அந்தப் பக்கமும் இரண்டு தடவைதான்.

"அழுத்தாத பாப்பா, தடவு. சாணையிலயும் அதான், ஓட்டை போடும்போதும் அதான்."

சூடானால் காற்றில் ஆறவிடுங்கள். பழுக்கக் காய்ந்த ஹெச்.எஸ்.எஸ். பிட்டைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். பழைய கார்பன் ஸ்டீல் பிட் என்றால் கதை தலைகீழ். அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டே தீட்ட வேண்டும். நீல நிறம் ஏறிவிட்டால் அந்த நுனியின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

ரெண்டு நட்டு போதும்!

கோணம் சரியா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டுமா? பெரியப்பா ஒரு டப்பாவிலிருந்து ஒரே அளவில் இரண்டு அறுகோண நட்டுகளை எடுத்தார். பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்தார். நடுவில் விழும் பள்ளத்தின் கோணம் சரியாக 120 டிகிரி. பிட்டின் நுனி அதில் கச்சிதமாக உட்கார்ந்தால் 118-க்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்!

நான் தீட்டிய முதல் பிட் அதில் உட்காரவில்லை. ஒரு விளிம்பு நீளம். 6 மி.மீ. பிட்டில் போட்ட ஓட்டையில் 6 மி.மீ. போல்ட் லொடலொடவென்று ஆடியது. "சொதப்பிட்டேன் பெரியப்பா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஊர்க் கதை ஒன்று சொன்னார். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் திருவந்திபுரத்தில் பல வருஷம் வாழ்ந்தவர். எல்லாக் கலையும் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய அவரிடம், "கிணறு கட்டத் தெரியுமா?" என்று ஒரு கொத்தனார் சவால் விட்டாராம். கொடுத்த செங்கல் எல்லாம் கோணல்மாணல். அதை வைத்தே கிணறு கட்டி முடித்தாராம் தேசிகர். அந்தக் கிணற்றை இன்றும் இந்த ஊரில் காட்டுகிறார்கள்.

"அவரே கையில செங்கல் எடுத்தாரு. நீ இன்னொரு தடவை பிட்டை எடு."

எடுத்தேன். பெரியப்பா விளிம்பைக் கண்ணால் பார்க்கவில்லை. வலது கண்ணிலும் இப்போது புரை விழ ஆரம்பித்திருக்கிறது. நட்டுப் பள்ளத்தில் பிட்டை வைத்து, விரல் நகத்தால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "போடு" என்றார்.

ஓட்டை போடும் இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு, ஒரு சொட்டு எண்ணெய், குறைந்த வேகம். பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும். 10 மி.மீ. பிட்டுக்கு இரும்பில் நிமிடத்துக்கு 800 சுற்று போதும். நான் அழுத்தவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு சுருள் எழுந்து வந்தது. மெஷின் கத்தவில்லை.

"சத்தம் சரியா இருக்கு" என்றார் பெரியப்பா.

ஸ்டாண்டில் இப்போது பெரியம்மாவின் ஆறு தொட்டிகள் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் டிரில் கத்தினால், அழுத்துவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிட்டு நுனியைப் பாருங்கள். மறக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மக்களே!