மயிலாப்பூர் சம்ப்பும் சிங்கப்பூர் குழாயும்

இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட அதிகம் பயன்படுவது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சிக் குறியீடு. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு 1990-ல் இதைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண். 2025 அறிக்கையில் சிங்கப்பூருக்கு 0.946, 13-ஆம் இடம், இந்தியாவுக்கு 0.685, 130-ஆம் இடம். சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் சென்னையின் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கு இந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

நாட்டின் சராசரி நகரத்தின் சராசரி ஆகாது. 2020-ல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தனர். தமிழ்நாட்டில் 13 பேர். சிங்கப்பூரில் ஏறக்குறைய இரண்டு பேர். இந்தியாவின் மதிப்பெண்ணை அப்படியே சென்னைக்குச் சூட்டினால், ஆரம்ப சுகாதார நிலையங்களும் சத்துணவும் பெண் கல்வியும் பல பத்தாண்டுகளில் சாதித்தது மறைந்துபோகும்.

வேறுபாடு பளிச்சென்று தெரியும் இடம் குழாயடி. மயிலாப்பூரின் பழைய அடுக்ககம் ஒன்றில், மெட்ரோ வாட்டர் வரும் நேரம் பார்த்து தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் பிடிக்க வேண்டும். பிறகு மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் போர்வெல் தண்ணீர். குடிக்க ஆர்.ஓ. மெஷின், இல்லாவிட்டால் 20 லிட்டர் கேன். கோடையில் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே பிடித்துக் குடிக்கிறார்கள். இதில் இன்னொன்றும் உண்டு: மோட்டாருக்கும் கேனுக்கும் சென்னைக் குடும்பம் கொடுக்கும் காசு நாட்டின் மொத்த உற்பத்தியில் கூட்டலாகவே சேர்கிறது. ஒரு குறையை ஈடுகட்டச் செய்யும் செலவு, கணக்கில் வளமாக எழுதப்படுகிறது.

மழைதான் காரணம் என்று விட்டுவிட முடியாது. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. பெய்கிறது, சிங்கப்பூரில் 2,400. ஆனால் அந்தச் சிறு தீவில் தேக்கிவைக்க இடம் கிடையாது. பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்க 1962-ல் போட்ட ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. அந்த முடிவுத் தேதி கண்முன் நின்றதால்தான், நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழையை நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பினார்கள்; கழிவுநீரைச் சுத்திகரித்து 2003-ல் ‘நியூவாட்டர்’ கொண்டுவந்தார்கள். அதே 2003-ல்தான் தமிழ்நாட்டில் கட்டடம்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னைக் கிணறுகளில் நீர் மேலேறியது. அந்த அமைப்பைத் தொடர்ந்து பராமரித்திருக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் மழைநீர்க் குழி தூர்ந்துபோனது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

வீட்டு விஷயத்திலும் சிங்கப்பூரின் பலம் அரசு கட்டியது. 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ‘வீவக’ அடுக்ககங்களில்தான் அந்நாட்டவரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வாழ்கிறார்கள். தி. நகரில் வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த அளவுக்குத் துணை கிடையாது.

சென்னை வாழ்க்கையே சுகம் என்பவர்கள் முதலில் சொல்வது, வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கிறது என்பதை. அடையாறில் காலையில் பாத்திரம் துலக்க வரும் பெண், ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பத்தவராக இருக்கலாம். அந்த வீட்டின் சுகம் அவருடைய குறைந்த சம்பளத்தில் நிற்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது அவருடைய வாழ்க்கைத் தரத்தில் உண்மையான உயர்வு. சிங்கப்பூரின் உயரமான கட்டடங்களை எழுப்பியவர்களிலும் தமிழ்நாட்டுக் கிராமத்து இளைஞர்கள் ஏராளம். நெருக்கமான விடுதிகளில் தங்கி, திறந்த லாரியில் வேலைக்குப் போகிறார்கள். 2020-ல் கொரோனா அங்கே மிக வேகமாகப் பரவியது அந்த விடுதிகளில்தான். ஆகவே எந்த நாடு மேல் என்று கேட்பதற்கு முன், யாருக்கு என்று கேட்டாக வேண்டும்.

வயதும் கணக்கை மாற்றுகிறது. வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரருக்கு பாதுகாப்பான தெரு, நேரத்துக்கு வரும் ரயில், நடக்கத்தக்க நடைபாதை எல்லாம் சிங்கப்பூரில் கிடைக்கின்றன. நிரந்தரவாசம் வாங்கினால் மகனுக்கு இரண்டாண்டு தேசிய சேவை உண்டு என்பதையும் யோசித்தே முடிவெடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை நீண்டகால விசாவில் உடன் வைத்துக்கொள்ள, ‘எம்பிளாய்மென்ட் பாஸ்’ என்ற வேலை அனுமதி வைத்திருப்பவரின் மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். அதற்குக் குறைவாகச் சம்பாதிப்பவரின் பெற்றோர் மயிலாப்பூரிலேயே இருந்துகொண்டு, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை சில வாரங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.